தூக்க மாத்திரை: தெரிந்து சாப்பிடுவோம்





மாதாமாதம் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு மருந்துக்கடை பில்களும் சேர்ந்து வருகின்றன. சுகர், பி.பி., இதய நோய், சிறுநீரக நோய் என்று நீண்ட காலம் மருந்து சாப்பிடுகிறவர்களே அவர்களில் அதிகம். பில்லைப் பார்ப்போம், தொகையைக் கூட்டுவோம், கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவோம். பில்லில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று நாம் படித்துப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு வயதான ஒரு தாய், ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யப் போன இடத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு அவருடைய மகன் வந்தார். பேச்சினிடையே ஒன்றைச் சொன்னார். "ஆஸ்பத்திரியில என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேட்டாங்க. தூக்க மாத்திரையும் சாப்பிடுறாங்கன்னு சொன்னதும் டாக்டர் எத்தனை நாளான்னு கேட்டார். அத்தா மவுத்தானதிலேர்ந்து, அஞ்சு வருஷமா இருக்கும்னு சொன்னேன். அவர் தலையில கை வச்சிட்டார்."

அந்தத் தாய் இத்தாவில் இருந்தபோது இரவில் கண் மூடாமல் அழுதுகொண்டிருந்தார். மருத்துவர் ஒருவர் 10 நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தா முடிந்தும் மாத்திரை முடியவில்லை. அதே சீட்டை வைத்து 5 ஆண்டு வாங்கியிருக்கிறார்கள். நாம் வீட்டுக்கு வந்து நம்முடைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். அவருடைய மாதாந்திரப் பில்கள் எல்லாவற்றிலும் சுகர் மாத்திரைக்கு அடுத்த வரியில் அந்தத் தூக்க மாத்திரை இருந்தது. ஒவ்வொரு பில்லின் கீழும் நம் கையெழுத்து இருந்தது.

அவர் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார், அல்ஹம்துலில்லாஹ். மகனின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அன்றிலிருந்து மற்றவர்களின் பில்களையும் படிக்கத் தொடங்கினோம். அந்த வரி வேறு சில குடும்பங்களின் பில்களிலும் இருக்கிறது. அதனால் தூக்க மாத்திரையைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் இங்கே தொகுத்திருக்கிறோம். நம் அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவைக் கடைசியில் சொல்கிறோம்.

தூக்கமின்மை எப்போது நோய்?

பிள்ளையின் திருமணம் நெருங்கும்போதும், வீட்டில் மவுத் நேர்ந்தபோதும், கடன் கழுத்தை நெரிக்கும்போதும் சில இரவுகள் தூக்கம் வராமல் போவது மனித இயல்பு. இது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். படுக்க நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் 3 இரவாவது தூக்கம் பிடிக்காமலோ நடுவில் விழித்துக்கொண்டோ, மறுநாள் வேலையும் மனநிலையும் கெட்டு, இப்படியே 3 மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்குச் சிகிச்சை வேண்டும்.

ஆனால் தூக்கம் கெடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு ஒரு காரணம் இருக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவார். பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் 'தண்ணீர் மாத்திரை'யை மாலையில் போட்டாலும் இதே கதைதான். மூட்டுவலி, நெஞ்செரிச்சல், மூச்சிரைப்பு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும். காரணத்தைச் சரிசெய்தால் தூக்கம் திரும்பிவிடும். காரணத்தை விட்டுவிட்டு மாத்திரையைப் போட்டால், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது "தூக்கம் வரல, ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று கேட்காமல், "ஏன் தூக்கம் வரலைன்னு பாருங்க" என்று கேட்பதே சரி.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

நம் ஊரில் தூக்கத்துக்கென்று பெரும்பாலும் சாப்பிடப்படுபவை அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் ஆகிய மருந்துகள். கடைப்பெயர் எதுவாக இருந்தாலும் அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இந்த மருந்துப் பெயர் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூளையில் 'காபா' என்ற ஒரு பொருள் சுரக்கிறது. அது வண்டிக்குப் பிரேக் போல. மூளையின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கச் செய்கின்றன. பிரேக் தூக்கத்துக்கு மட்டும் பிடிப்பதில்லை. நினைவாற்றல், உடலின் சமநிலை, கால்களின் உறுதி, மூச்சின் வேகம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பிடிக்கிறது. இதில்தான் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

கிடைக்கும் நன்மையின் அளவையும் தெரிந்துகொள்வோம். சோல்பிடெம் வகை மாத்திரைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் சராசரியாகச் சுமார் 20 நிமிடம் முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். கடும் துயரத்தில் இருப்பவருக்குச் சில இரவுகள் அந்த உதவி பெரிதுதான். ஆனால் அதற்காக ஆண்டுக்கணக்கில் ஆபத்தைச் சுமப்பது சரியா என்பதே கேள்வி.

ஃபஜ்ர் நேரத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இந்த மாத்திரை சாப்பிட்டால் 7 முதல் 8 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நம் வீடுகளில் நடப்பது என்ன? இரவு 9 மணிக்குப் படுக்கிறோம், தூக்கம் வரவில்லை. 12 மணி வரை புரண்டுவிட்டு, அதன்பின் எழுந்து மாத்திரையைப் போடுகிறோம். 5 மணிக்குப் பாங்கு சொல்கிறார்கள். பெரியவர்கள் தஹஜ்ஜுதுக்கென்று 4 மணிக்கே எழுந்துவிடுவார்கள். மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. கண் திறந்துவிட்டது, கால் விழிக்கவில்லை. இருட்டு, ஈரத் தரை, ஒளுச் செய்ய ஒரு காலைத் தூக்கும் நேரம். விழுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வயது ஏற ஏற மருந்து உடலை விட்டு நீங்கும் வேகம் குறைகிறது. டயசெபம் போன்ற மருந்தில் பாதி நீங்குவதற்கே ஒன்று முதல் இரண்டு நாள் ஆகலாம். முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். நேற்றைய மாத்திரையின் மிச்சத்தின் மேல் இன்றைய மாத்திரை ஏறுகிறது. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்த வயதில் விழுந்து இடுப்பு முறிந்தால், பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர்.

இன்னொன்றும் உண்டு. "நன்னிக்கு ஞாபக மறதி வந்துடுச்சு, தொழுகையில எத்தனை ரக்அத்னு தடுமாறுறாங்க, பகலெல்லாம் தூங்கி வழியுறாங்க" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பல நேரங்களில் அது வயது அல்ல, மாத்திரை. மருத்துவரின் மேற்பார்வையில் அளவைக் குறைத்தபின் தெளிந்தவர்கள் உண்டு.

பெண்களுக்கும் ஒரு தனிக் குறிப்பு. சோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக நீங்குகிறது என்று கண்டதால், 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. கணவர் சாப்பிடும் அதே மாத்திரையை மனைவியும் எடுத்துப் போடுவது தவறு என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அதே மருந்துக்கு 2019-இல் இன்னும் கடுமையான எச்சரிக்கை வெளியானது. அரைத் தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, மறுநாள் எதுவும் நினைவில் இல்லாமல் இருப்பது ஆகியவை சிலருக்கு நேர்ந்திருக்கின்றன. இது அபூர்வம். ஆனால் ஒருமுறை அப்படி நடந்தால் அந்த மருந்தை மறுபடி தொடக்கூடாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பழக்கம் எப்படிப் பிடிக்கிறது?

தினமும் வெளியிலிருந்து பிரேக் பிடித்துக் கொடுத்தால், மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. சில வாரங்களிலேயே இது நடக்கும். அரை மாத்திரையில் வந்த தூக்கம் ஒரு மாத்திரைக்கும் வராது. ஒருநாள் மாத்திரை இல்லாவிட்டால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்று அவர் நினைப்பார். உண்மையில் அந்த இரவின் தூக்கமின்மையை உண்டாக்கியதே மாத்திரைதான்.

இதனால்தான் பிரிட்டனில் 1988-லேயே, இவ்வகை மருந்துகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் ஆகியவை 'எச்1' என்ற அட்டவணையில் வருகின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியின்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். தெரிந்த கடை, தெரிந்த தம்பி என்பதற்காகச் சீட்டில்லாமல் வாங்குவது அந்தத் தம்பிக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

பழக்கப்பட்டுவிட்டவர்களை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அவர்கள் போதை தேடிப் போனவர்கள் அல்லர். மருத்துவர் கொடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. "ஈமான் பலமா இருந்தா தூக்கம் வராமப் போகுமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சுகரும் பி.பி.யும் ஈமானை அளந்து வருவதில்லை, தூக்கமின்மையும் அப்படித்தான். இத்தகைய பேச்சால்தான் பலர் மறைத்துச் சாப்பிடுகிறார்கள். மறைத்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால்

மாத்திரையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உரிய நோயாளிக்கு, உரிய அளவில், குறுகிய காலத்துக்கு அது நல்ல உதவி. வலிப்பு நோய்க்கும் மனநோய்க்கும் இவற்றில் சிலவற்றை நீண்ட காலம் கொடுப்பதும் உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எதையும் மாற்றக்கூடாது. மற்றவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. "எத்தனை நாளைக்கு?" என்று மருத்துவரிடம் கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அந்த நாள் முடிந்தால் சீட்டும் முடிந்தது.

2. இப்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் காட்டுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளோடும், கோடீன் கலந்த இருமல் மருந்தோடும் தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். படர்தாமரைக்குத் தரப்படும் இட்ரகோனசோல், அல்பிரசோலத்தை உடலில் தேங்க வைத்துவிடும்.

3. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, நாள்பட்ட நெஞ்சுச் சளி, கல்லீரல் நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். குறட்டையை நோயாளி அறியமாட்டார். உடன் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

4. ஃபஜ்ரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 5 மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு 9, அதிகம் போனால் 10 மணிக்குள் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம். ரமழானில் தராவீஹ் முடிந்து 11 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு ஸஹருக்கு 4 மணிக்கு எழுவது ஆகாது. தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

5. இஷாவை முடித்து, கதவைப் பூட்டி, அடுப்பை அணைத்து, படுக்கையில் அமர்ந்தபின் போடுங்கள். போட்டபின் எந்த வேலையும் வேண்டாம்.

6. தூக்கம் வரவில்லையென்று இரண்டாவது மாத்திரை போடாதீர்கள்.

7. மறுநாள் காலை மயக்கம் இருந்தால் பைக், ஆட்டோ, லாரி எதையும் ஓட்டாதீர்கள்.

8. உங்கள் மாத்திரையைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுக்காதீர்கள். பயணத்தில் குழந்தை அழாமல் இருக்க ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

9. மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டிலும், மனம் உடைந்து இருப்பவர் வீட்டிலும் மாத்திரையைப் பூட்டி வைத்து, வேறொருவர் அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று சளி, அரிப்பு மாத்திரையை 'அவில்' என்று கேட்டு வாங்கித் தூக்கத்துக்குச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இதனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதுவும் பாதுகாப்பான வழியல்ல.

மாத்திரை சாப்பிட்ட ஒருவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், காபி எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள்

இதைப் படித்தபின், பெரியவர்களின் தலைமாட்டில் இருக்கும் அட்டையை எடுத்துக் குப்பையில் போடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல மாதம், பல ஆண்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பயம், மனக்குழப்பம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். உயிருக்கும் ஆபத்தாகலாம்.

சரியான வழி, சிறிது சிறிதாகக் குறைப்பது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். பல வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்கள் ஆகும். நடுவில் சில இரவுகள் தூக்கம் கெடும். அப்போது "அதான் சொன்னேனே" என்று பழைய அளவுக்குத் திரும்பாமல், வீட்டார் துணையாக நிற்க வேண்டும்.

இது முடிகிற காரியமா? கனடாவின் கியூபெக் மாகாணத்தில், இவ்வகை மாத்திரையை நீண்ட காலமாகச் சாப்பிட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதன் ஆபத்தையும் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 6 மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுமையாக விட்டிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம் மட்டுமே. வயதானவர்களால் முடியாது என்று நாம்தான் நினைக்கிறோம். அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே உண்மை. இந்த இதழில் இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கும் அதுவே காரணம்.

வளைகுடா செல்வோர் கவனத்திற்கு

ஊரிலிருந்து செல்பவரிடம் "அங்க டாக்டர் செலவு அதிகம், இதைக் கொஞ்சம் கொடுத்துடுங்க" என்று மாத்திரைப் பொட்டலம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் இவ்வகைத் தூக்க மாத்திரைகள் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சொந்த உபயோகத்துக்குக் கொண்டு செல்வதானாலும் அந்நாட்டு அரசின் முன்அனுமதி பெற வேண்டும். அனுமதியில்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறை வரை போகலாம். ஹஜ், உம்ரா செல்லும் பெரியவர்களின் பையையும் முன்கூட்டியே பார்த்து, மருத்துவரின் சீட்டையும் அனுமதியையும் ஏற்பாடு செய்யுங்கள். பிறருடைய மருந்துப் பொட்டலத்தை எவ்வளவு நெருங்கிய உறவினர் கொடுத்தாலும் வாங்கிச் செல்லாதீர்கள்.

மாத்திரையில்லாத மருந்து

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் திருத்தும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதைச் சொல்லித் தருவார்கள். அதன் அடிப்படை விதிகளை வீட்டிலேயே தொடங்கலாம்.

முதலாவது, எழும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லாஹ் நமக்கு ஃபஜ்ரைக் கொடுத்திருக்கிறான். அதைவிட ஒழுங்கான அலாரம் கிடையாது. ஆனால் ஃபஜ்ர் தொழுதுவிட்டு மீண்டும் படுத்து 9 மணிக்கு எழுந்தால், அந்த ஒழுங்கு கெட்டுப்போகிறது. இரவில் தூக்கம் கெட்டவர் காலையில் அதை ஈடுசெய்ய நினைக்க வேண்டாம். வெயில் முகத்தில் படும்படி அரைமணி நேரம் நடக்கட்டும்.

இரண்டாவது, லுஹருக்குப் பின் போடும் கைலூலா 20, 30 நிமிடத்தோடு முடியட்டும். பகலில் 2 மணி நேரம் தூங்கியவருக்கு இரவு 10 மணிக்குத் தூக்கம் வராதது நோயல்ல, கணக்கு.

மூன்றாவது, அஸருக்குப் பின் டீ, காபி வேண்டாம்.

நான்காவது, படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து திக்ரு செய்யுங்கள், அமைதியாக எதையாவது படியுங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மணி பார்க்காதீர்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ள இதுவே வழி. கால் தடுமாறும் முதியவர்களுக்கு மட்டும் எழுந்து நடமாடுவது வேண்டாம். கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்தால் போதும்.

ஐந்தாவது, கைப்பேசி. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். இன்று இஷாவுக்குப் பிறகுதான் நம் வீடுகளில் பேச்சே தொடங்குகிறது. அதிலும் சவூதியில் இரவு 10 மணி என்றால் இங்கே 12:30. கணவரின் அழைப்புக்காகக் காத்திருந்து, பேசி முடித்து, கவலையோடு படுக்கும் பெண்மக்கள் எத்தனை பேர்! இவர்களுக்கு மாத்திரையைவிட, அழைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வதே மருந்து. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்கட்டும்.

துயரம், பயம், வாழப் பிடிக்காத எண்ணம் ஆகியவற்றோடு தூக்கமும் கெட்டிருந்தால் தாமதிக்காமல் உதவி தேடுங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் அறக்கட்டளையின் முடிவு

இந்த விஷயத்தை நிர்வாகக் குழுவில் வைத்தபோது, "இனி தூக்க மாத்திரைக்குப் பணம் தரக்கூடாது" என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னோம். நம் ஊர் மருத்துவர் ஒருவர் அதைத் தடுத்தார். "பணத்தை நிறுத்தினால் சிலர் மாத்திரையை அன்றே நிறுத்துவார்கள், அது இன்னும் ஆபத்து. வேறு சிலர் சாப்பாட்டுக் காசில் வாங்குவார்கள்" என்றார். அவர் சொன்னதே சரி என்று பட்டது. ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறோம்:

ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்களுக்கான உதவி நிற்காது. ஆனால் 3 மாதத்துக்குள் ஒருமுறை மருத்துவரை நேரில் பார்த்து, தொடர வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று புதிய சீட்டு வாங்கி வர வேண்டும். அந்த மருத்துவர் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் அறக்கட்டளையே ஏற்கும். புதிதாகத் தூக்க மாத்திரைக்கு உதவி கேட்போர் நாள் எண்ணிக்கை எழுதிய சீட்டைத் தர வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் வசதியற்ற வீடுகளில், பாத்ரூமுக்கும் ஒளுச் செய்யும் இடத்துக்கும் கைப்பிடிக் கம்பியும் இரவு விளக்கும் பொருத்த இந்த ஆண்டு நிதி ஒதுக்கியிருக்கிறோம். அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் அத்தா, அம்மா, நன்னி சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையையும் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். எதற்கு, எப்போதிலிருந்து, யார் சொல்லி என்று கேளுங்கள். பதில் தெரியாத மாத்திரை இருந்தால், நிறுத்தாமல், அட்டையோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதைச் செய்ய நமக்கு 5 ஆண்டு ஆனது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும், ஃபஜ்ருக்குத் தெளிவாக எழும் உடல் வலிமையையும் வல்ல அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்